தாடைக்குப் போன கால் எலும்பு

நீலாவதியின் வாய்க்குள் புண் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. உடைந்த கடைவாய்ப்பல் குத்துகிறது என்று நினைத்து, கிராம்பை அடக்கிக்கொண்டு சாமைக் கொல்லையில் களையெடுத்துவந்தாள். ஊருக்குச் சர்க்கரை நோய் பரிசோதிக்க வந்த நர்ஸ் நிவேதாதான் அவளை வாயைத் திறக்கச் சொன்னாள். பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“எத்தினி வருசமா புகையில போடறீங்கக்கா?”

“கண்ணாலம் ஆனதுலேர்ந்து.”

“நாளைக்கே வேலூர் போய்டுங்க. தள்ளிப் போடாதீங்க.”

வேலூரில் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய். எலும்பைத் தொட்டிருந்தது, இடப்பக்கத் தாடையை எடுத்தாக வேண்டும். நீலாவதிக்குப் பெரியப்பா நினைவு வந்தது. இருபது வருடத்துக்கு முன் இதே நோய்க்குத் தாடையை வெட்டியபின், ஒடுங்கிய முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கஞ்சியோடு காலம் தள்ளியவர்.

“அப்புடி இருக்கறதுக்கு இப்புடியே போய்ச் சேந்துடறேன்” என்றாள்.

டாக்டர் சிவசங்கரி நாற்காலியை அருகே இழுத்துப்போட்டார். “இப்ப அப்புடி உடறதில்லம்மா. உங்க கால் எலும்ப ரத்தக்குழாயோட எடுத்து, கம்ப்யூட்டர்ல அளவு பாத்து வெட்டி, தாடையில பொருத்திடுவோம். உயிருள்ள எலும்பு, ஒட்டிக்கும்.”

“கால் எலும்பா? நான் மலையில இருக்கறவ. நடக்காம இன்னா பண்றது?”

“முட்டிக்குக் கீழ ரெண்டு எலும்பு இருக்குது. உங்க பாரத்தத் தாங்கறது பெருசு. நான் எடுக்கறது பக்கத்துல இருக்கற மெல்லிசு.”

நீலாவதி தன் காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். வேடியப்பன் தலையசைத்தான்.

ஆபரேஷன் பத்து மணி நேரம் நடந்தது. அவள் கண் விழித்தபோது தொண்டையில் குழாய், பேச முடியவில்லை. வேடியப்பன் கட்டில் ஓரத்தில் குனிந்து நின்றான்.

“வாரா வாரம் சந்தையிலேர்ந்து அந்தப் புகையிலப் பொட்டலத்த நான்தான வாங்கியாந்தேன்” என்றவன் உடைந்து அழுதான்.

நான் கேட்டுத்தானே வாங்கினாய் என்று சொல்ல அவளுக்குக் குரல் இல்லை. அவன் கையை இழுத்துத் தன் நெற்றிமேல் வைத்துக்கொண்டாள்.

அதற்குப்பின் ஆறு வாரம் கதிர்வீச்சு. எச்சில் வற்றியது, ருசி போனது, வாய் திறக்க முடியாமல் இறுகியது. ஐஸ்கிரீம் மரக்குச்சிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பல்லிடையே வைத்து வாயைத் திறக்கப் பழகினாள். நாலாம் மாதம், கணுக்கால் வீங்கினாலும், கொல்லைவரை ஏறிப்போய் வந்தாள். மனிதர்கள் முன்னால் சாப்பிட மட்டும் மனம் வரவில்லை.

படவேட்டில் தங்கை மகள் கோகிலவாணிக்குக் கல்யாணம் வந்தது.

“நான் பந்தியில ஒக்காந்தா மத்தவங்களுக்குச் சோறு எறங்காது” என்றாள்.

“அப்ப நானும் ஒக்கார மாட்டேன்” என்றான் வேடியப்பன்.

அவனைப் பட்டினி போட மனமில்லாமல் உட்கார்ந்தாள். அவள் தாடைத் தழும்பைப் பார்த்த பரிமாறுகிறவன் தயங்கினான். “கஞ்சி எதுனா கொண்டாரட்டுமாங்க?”

“சோறே போடுப்பா. ரசத்த நெறைய ஊத்து.” சொற்கள் கொஞ்சம் குழறின. ஆனால் அவனுக்குப் புரிந்தது.

பிசைந்து, சிறு சிறு கவளமாக வாயில் வைத்தாள். உதட்டோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த கவளம் எடுத்தாள். எதிர் வரிசையில் ஒருத்தி வெறித்துப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டாள். ரசத்தில் புளிப்பு லேசாகத் தெரிந்தது.

பந்தி எழுந்துவிட்டது. அடுத்த பந்திக்கு ஆட்கள் பின்னால் வந்து நின்றார்கள். வேடியப்பன் காலி இலைமுன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

“நிதானமா சாப்புடு” என்றான்.

அவள் இன்னொரு கரண்டி ரசம் கேட்டாள்.