தார்பாய்க் கயிறு

முந்நூற்று நாற்பது மூட்டை சிமெண்ட் இறக்கி முடித்தபோது பீரங்கியின் இடுப்பு கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. இடது புட்டத்தில் கிளம்பிய வலி தொடையின் பின்புறமாக ஓடி, முழங்கால் குழியில் ஆணி அடித்தாற்போல நின்றது. குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் குனிய முடியவில்லை.

"அரை மணி நேரம் கட்டையச் சாய்ச்சுட்டு வா. அதுக்கு மேல படுத்தே, கூலில கழிச்சுடுவேன்" என்றார் மேஸ்திரி.

வலி மாத்திரை ஒன்றைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கிவிட்டு, நிழல் தேடிச் சரக்கு ரயில் யார்டின் மூன்றாவது லைனுக்குப் போனான். அங்கே ஒரு ராணுவ ரயில் நின்றுகொண்டிருந்தது.

தட்டை வேகன்கள். ஒவ்வொன்றின் மேலும் தார்பாய் போர்த்திய ஒரு குன்று. எஞ்சின் மாற்றுவதற்காக நிறுத்தியிருந்தார்கள். காவலுக்கு வந்த சிப்பாய்கள் முன்கோடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தார்பாய்க்குக் கீழே தெரிந்த சக்கரங்களைப் பீரங்கி எண்ணினான். பக்கத்துக்கு ஆறு. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் கொஞ்சம் கூடுதல் இடைவெளி. அவன் வீட்டு மேஜையில் இரண்டு மாதமாகப் பாதியில் நிற்கும் அதே டாங்கி.

பீரங்கி என்பது யார்டு வைத்த பெயர். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சரக்குப் பெட்டி உடைந்து, உள்ளேயிருந்து பிளாஸ்டிக் டாங்கி செய்கிற பொம்மைப் பெட்டி ஒன்று நசுங்கி விழுந்தது. வியாபாரி அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மேஸ்திரி அதைத் தூக்கி இவன் மடியில் போட்டார். வீட்டில் விளையாடப் பிள்ளை இல்லை. இவனே உட்கார்ந்தான். சட்டத்திலிருந்து துண்டுகளை நகவெட்டியால் வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, ஊசி முனையால் பசை தொட்டு ஒட்டினான். ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்கி எறிகிற விரல்கள் எள்ளளவு கைப்பிடியை மூச்சுவிடாமல் பிடித்துக்கொண்டிருந்ததை அவன் மனைவி கதவோரம் நின்று பார்த்தாள். "என் கையக்கூட இவ்வளவு பதமா பிடிச்சதில்ல" என்றாள். அதற்கப்புறம் பத்துப் பெட்டி காசு கொடுத்து வாங்கினான். பதினோரு வண்டிகள் அலமாரியில் வரிசையாக நின்றன. எல்லாம் நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு.

அதற்குப் பின் வாங்கிய பன்னிரண்டாவதுதான் படுத்தியது. செய்முறைத் தாள் அவனுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. பெட்டிப் படத்தில் டாங்கி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்பக்கம் மட்டும் காட்டியது. பின்பக்கத்தில் இழுவைக் கம்பியை எப்படிச் சுற்றி மாட்டுவது என்று எங்கும் இல்லை. டாங்கியின் முதுகை வரைய யாருக்குத்தான் கை வருகிறது!

இப்போது அந்த முதுகு, கைக்கெட்டும் தூரத்தில்.

வேகனில் ஏறியது எப்படி என்று பிறகு எத்தனை யோசித்தும் அவனுக்கு நினைவு வரவில்லை. ஒரு கயிற்றை அவிழ்த்தான், தார்பாயைத் தூக்கினான், தலையை உள்ளே விட்டான். டீசலும் சூடான இரும்பும் மணத்தன. கம்பி எட்டுப் போலச் சுற்றி, இரண்டு கொக்கியில் கிடந்தது. சாணாலும் விரற்கடையாலும் அளந்தான். சிமெண்ட் பையைக் கிழித்த தாளில் குறித்துக்கொண்டான். பெயர்ந்துகொண்டிருந்த பச்சைப் பெயிண்டில் நகத்தளவு சுரண்டி, மாத்திரை அட்டையின் காலிக் குழியில் வைத்து மூடினான். நிறம் கலக்க உதவும். பிறகு தார்பாயை இழுத்துவிட்டுக் கயிற்றைக் கட்டி இறங்கினான். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம். யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு யார்டுக்குள் ஜீப் வந்தது.

இறங்கியவர் சாதாரணச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர். கூட இரண்டு சிப்பாய்கள். அவர் மேஸ்திரியின் மேஜையில் முழ நீளக் கயிறு ஒன்றை வைத்தார். இரண்டு பக்கமும் வெட்டியிருந்தது, நடுவில் முடிச்சு அப்படியே இருந்தது.

"இது யார் போட்டது?"

"முடிச்சா சார்? முடிச்சு எல்லாரும்தான் போடுவாங்க."

"எங்க ஆளுங்க இப்படிப் போட மாட்டாங்க. எங்க ரயில் நேத்து உங்க யார்டுல ரெண்டு மணி நேரம் நின்னிருக்கு. அடுத்த ஸ்டேஷன்ல பாத்தா இந்த முடிச்சு."

பீரங்கி முடிச்சைப் பார்த்தான். இரண்டு சுற்று, ஒரு பூட்டு, காற்றில் படபடக்காமல் வாலைக் கீழே சொருகுவது. யார்டு முடிச்சு. நாளைக்கு நாற்பது தடவை போடுகிற கை, அவனைக் கேட்காமலே போட்டிருக்கிறது. சிப்பாய் எப்படிக் கட்டியிருந்தான் என்று அவன் பார்க்கவே இல்லை. அத்தனையும் அளந்தவன், கயிற்றை மட்டும் பார்க்கவில்லை.

இருபத்திரண்டு பேரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. பின்னாலிருந்து ஒருவன், "டேய் பீரங்கி, கால மிதிக்காதடா" என்றான்.

ஒல்லி மனிதர் மெல்லத் திரும்பினார். "யாரு பீரங்கி?"

பீரங்கி கையைத் தூக்கினான்.

"ஏன் அந்தப் பேரு?"

அப்போது வரிசையின் கோடியிலிருந்து நெட்டையன் வாயைத் திறந்தான். யார்டிலேயே உயரமானவன். பயம் என்றால் என்ன விலை என்று கேட்பவன்.

"குறட்டை சார். மத்தியானம் இவன் படுத்தான்னா ரெண்டு லைன் தள்ளி நிக்கிற வேகன் உருளும்."

சிப்பாய்களில் ஒருவன் சிரித்துவிட்டான். ஒல்லி மனிதர் சிரிக்கவில்லை. ஆனால் பார்வையை எடுத்துக்கொண்டார்.

"சரி. ஒவ்வொருத்தனா வந்து இந்தக் கம்பில கயிறு கட்டுங்க. தினமும் எப்படிக் கட்டுவீங்களோ அப்படி."

முதலில் போனவன் மேஜைமேல் கிடந்த முடிச்சைப் பார்த்தான். செருப்பு வாரைக் கட்டுவதுபோல ஏதோ கட்டிவிட்டு வந்தான். இரண்டாமவனும் அப்படியே. இருபது வருஷம் லாரி லாரியாகக் கட்டிய ஆட்கள், கயிற்றையே இன்றுதான் கண்டதுபோல விழித்தார்கள். மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். பீரங்கியின் முறை வந்தது. கை யார்டு முடிச்சுக்கே ஓடியது. இரண்டாவது சுற்றில் அதைப் பிடித்து நிறுத்தி, அவிழ்த்து, குருட்டு முடிச்சாக ஒன்று போட்டான். வியர்வையில் கயிறு நழுவியது. "போ" என்றார் அந்த மனிதர். அந்த ஒரு சொல்லில் அவனுக்குக் கால் வந்தது.

கடைசியாக நெட்டையன். மேஜைப் பக்கம் அவன் திரும்பவே இல்லை. இரண்டு சுற்று, ஒரு பூட்டு, வாலைக் கீழே சொருகினான். இழுத்துக் காட்டினான். "இந்தப் பசங்களுக்கு இன்னிக்கு என்னவோ ஆயிடுச்சு சார். நம்ம கட்டு இதான்."

ஒல்லி மனிதர் இரண்டு முடிச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெட்டையன் ஜீப்பில் ஏறும்போது தலை கூரையில் இடித்தது. "பாத்து" என்று அவனே சொல்லிக்கொண்டான்.

பீரங்கி அடுத்த மூட்டைக்குப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டான். தையல் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த மனைவி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். சொன்னான். அவள் கத்தவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

"அந்தச் சீட்டு எங்க?"

"வர்ற வழியில டீக்கடை அடுப்புல போட்டுட்டேன்."

"பெயிண்ட்டு?"

நேற்றுப் போட்டிருந்த சட்டையின் பையில் வைத்தது. சட்டையை அவள் காலையிலேயே துவைத்துப் போட்டுவிட்டாள். மாத்திரை அட்டை வாளி அடியில் ஊறிக் கிடந்தது. குழி காலி. இரண்டு பேரும் முட்டிபோட்டுத் தரை முழுக்கத் தடவினார்கள். நகத்தளவு பச்சை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அலமாரியைப் பார்த்தான். பதினோரு குழாய்களும் அவனையே குறிபார்த்தன. "கொளுத்திடலாம்" என்றான்.

"பிளாஸ்டிக்க கொளுத்துனா தெருவே மூக்கப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கும். சாக்க எடுங்க."

சாக்கில் போட்டு, போர்வையை மேலே மூடி, சுத்தியலால் அடித்தான். சத்தம் வெளியே போகாமல் இருக்க அவள் தையல் மெஷினை வெறுமனே ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் எது உடைகிறது என்று அவனுக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. பாதியில் நின்றதைக் கடைசியாக அடித்தான். மறுநாளிலிருந்து அவள் சாப்பாட்டுப் பையில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப்போய், வழியில் ஒரு குப்பைத் தொட்டிக்கு ஒரு பிடியாகப் போட்டாள்.

தெருவில் வண்டி சத்தம் கேட்டால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். யார்டில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவனுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. "அண்ணன் அங்க என்ன பாடு படறாரோ" என்று ஒருவன் ஆரம்பித்தால், இவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவான்.

மூன்று நாள் கழித்து நெட்டையன் வந்தான். கீழுதடு வீங்கி ஒரு பக்கம் தொங்கியது. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே, பக்கத்தில் வந்து நின்ற பீரங்கியிடம் திரும்பாமல் கேட்டான்.

"நீதானே?"

"ஆமாண்ணே."

"தெரியும். இந்த யார்டுல வேற எவனுக்குடா அத அவுத்துப் பாக்கணும்னு தோணும்?" தண்ணீரைத் துப்பினான். சிவப்பாக விழுந்தது. "அப்படி என்னதான் இருந்துச்சு உள்ள?"

"கம்பிண்ணே. இழுவைக் கம்பி. அத எப்படிச் சுத்தி வெச்சிருக்காங்கன்னு..."

"கம்பியா?" நெட்டையன் சிரிக்கப் பார்த்து, உதட்டைப் பிடித்துக்கொண்டான். "அடப்பாவி. கம்பிக்காடா என்னைய அந்த அடி அடிச்சான்? யாருக்குப் படம் எடுத்துக் குடுத்தே, யாருக்குக் குடுத்தேன்னு அதே கேள்வி."

"ஏண்ணே என் பேரச் சொல்லல?"

"சொன்னா உன்னையும் வெச்சுப்பான், கூட்டாளின்னு என்னையும் விடமாட்டான். ரெண்டு வீட்டுலயும் அடுப்பு எரியாது." முகத்தைத் துண்டால் ஒற்றினான். "திங்கக்கிழமை பத்து மணிக்கு அவங்க ஆபீசுக்குத் திரும்ப வரச் சொல்லியிருக்கான்."

"நீங்க போவாதீங்கண்ணே. நான் போறேன். நாந்தான்னு சொல்லிடறேன்."

நெட்டையன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "சொல்லுவியா?"

"சத்தியமா."

"சரி" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே பீரங்கி கிளம்பினான். அந்த அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடை வரைக்கும் போனான். வாசலில் ஜீப் நின்றது. பக்கத்தில் ஒரு சிப்பாய் கயிறு ஒன்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான், வேறு எதற்கோ. பீரங்கி ஒரு டீ சொன்னான். குடிக்கவில்லை. பத்து மணி ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. பீரங்கி சாலையைக் கடக்கவில்லை. நெட்டையன் தெருமுனையில் தலை தெரிய நடந்து வந்து, இந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே போனான். பீரங்கி டீக்குக் காசு வைத்துவிட்டு யார்டுக்குத் திரும்பி மூட்டை தூக்கினான்.

இந்தத் தடவை நான்கு நாள் வைத்திருந்தார்கள். வழக்கு ஒன்றும் இல்லை, போ என்று விட்டுவிட்டார்கள். நெட்டையன் இப்போது வலது கையை முழுக்கத் தூக்குவதில்லை. மூட்டையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டான். பீரங்கியிடம் நெருப்புப் பெட்டி கேட்கிறான், மேஸ்திரியைப் பற்றிக் கேலி பேசுகிறான். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டுவிடுவானோ என்று பீரங்கிக்கு ஒவ்வொரு நாளும் பயம்.

மூன்றும் நான்கும் ஏழு. நெட்டையனுக்குப் பீரங்கி ஏழு நாள் கடன்பட்டிருக்கிறான். இன்னும் கொடுக்கவில்லை.