சிவப்பு A ஒட்டிய கார்

அறுபத்துமூன்று வயதில் ஓட்டுநர் உரிமம் வாங்கிய அர்மெல், லாந்திவிசியோ ஊரில் தன் வீட்டு வாசலிலிருந்து காரைக் கிளப்பியபோது எதிர்வீட்டு ஜன்னல் திரை ஆடியது. ஆடட்டும். மேட்டில் வண்டி எடுக்கத் தெரியாமல் மூன்று முறை தேர்வில் தோற்று, நான்காம் முறை தேறியவளுக்கு ஒரு திரை ஆடுவதெல்லாம் எம்மாத்திரம்!

பக்கத்து இருக்கையில் அவள் கணவன் கூல்வென். முப்பத்தொரு வருடம் பால் லாரி ஓட்டியவன். இரண்டு வருடமாக அவனுக்கு நடுப்பார்வை இல்லை. ஓரத்தில் மட்டும்தான் தெரியும். ஒருவர் முகத்தை நேராகப் பார்த்தால் முகம் இருக்காது, காதுகள்தான் இருக்கும். அதை அவன் அர்மெல்லைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டால் பழியைத் தூக்கி முழங்காலின் மேல் போட்டுவிடுவான்.

காரை விற்றுவிடுவதாகப் பக்கத்துத் தெருக்காரன் டாங்கியிடம் பேசியும் முடித்திருந்தான். அர்மெல்தான் மறித்து ஒரு பந்தயம் போட்டாள். தினான், ஃபூழேர், வித்ரே, ஆஞ்சேர், சோமூர் என்று நாற்பது வருடமாகப் போகலாம் போகலாம் என்று தள்ளிப்போட்ட ஊர்களையெல்லாம் பார்த்துக்கொண்டு ஐந்தாம் நாள் லா ரொஷேல் கடற்கரையைத் தொடுவது. வழியில் ஒரே ஒரு தடவை ஸ்டீயரிங்கை இன்னொருவர் கையில் கொடுத்தாலும் கார் டாங்கிக்கு. அதன் பிறகு சந்தைக்கும் டாக்டரிடமும் போக அடுத்தவர் தயவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

மோர்லே தாண்டியதும் கைக்குட்டை எடுக்க அவன் முன்பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு வெள்ளை வட்டம், நடுவில் சிவப்பு A. புதிதாக உரிமம் வாங்கியவர்கள் மூன்று வருடம் காரின் பின்னால் ஒட்டவேண்டிய காந்த வில்லை.

"அது பின்னாடி இல்ல இருக்கணும்? இங்க எப்படி வந்துச்சு?"

"காலைல நான்தான் எடுத்தேன்."

"ஏன்?"

"பால் லாரி கூல்வென் வீட்டு வண்டில கத்துக்குட்டி வில்லையா? பாக்கிறவன் சிரிக்க மாட்டான்?"

அவளுக்குச் சுருக்கென்றது. "வண்டி நின்னதும் நீதான் ஒட்டுற" என்றாள்.

தினானுக்குள் நுழைந்ததும் அவனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"இங்க வலது பக்கம் ஒடி. துறைக்கு இறங்க அதான் குறுக்கு வழி."

"ஏதோ போர்டு இருக்கே..."

"போர்டா? இந்த ஊருக்கு எத்தன வருஷம் பால் கொண்டாந்தேன்னு தெரியுமா? ஒடின்னா ஒடி!"

வழி விஷயத்தில் நாற்பது வருடமாக அவன் சொன்னதுதான் சட்டம். ஒடித்தாள். ஒடித்த பிறகுதான் போர்டைப் படித்தாள்: வண்டிகளுக்கு அனுமதி இல்லை. முப்பது வருடத்துக்கு முன் அந்தத் தெரு திறந்திருந்ததோ, அவன் நினைவில் மட்டும் திறந்திருந்ததோ! கண்ணெதிரே கல் பாவிய செங்குத்து இறக்கம். இரண்டு பக்கமும் மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள் முன்னால் துருத்திக்கொண்டு நின்றன. கிண்ணத்தில் ஆப்பிள் மது குடித்துக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். வெளியேற ஒரே வழி, பின்னாலேயே மேடேற வேண்டும்.

உணவுக்கடைக்காரன் ஒருவன் ஏப்ரனோடு வந்து கூல்வென் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினான். "ஐயா, நீங்க எடுத்துக் குடுங்க. அம்மாவால ஆகாது."

கூல்வென்னின் கை பெல்ட்டைக் கழற்றிவிட்டது.

"பெல்ட்டப் போடு" என்றாள் அர்மெல்.

"மேடு, அர்மெல். அதுவும் ரிவர்ஸ்ல."

"மூணு தடவ மேட்டுலதான் தோத்தேன். எனக்கு நீ சொல்லணுமா? பெல்ட்டப் போடு கிழவா. வாயையும் சேர்த்துப் பூட்டு."

முதல் முயற்சியில் என்ஜின் அணைந்தது. கார் ஒரு சாண் கீழே நழுவியது. கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். கிளட்ச் தீய்ந்த நாற்றம். யாரோ சிரித்தார்கள். இரண்டாம் முறை அவள் அவசரப்படவில்லை. கிளட்ச் பிடிக்கும்போது கால்விரலில் தட்டுப்படும் நடுக்கம் வரும்வரை காத்திருந்தாள். வந்தது. கார் முனகிக்கொண்டு கல் கல்லாக ஏறியது. ஒரு பூந்தொட்டிக்கும் காரின் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே விரல் நுழையும் இடம்கூட இல்லை. தொட்டி பிழைத்தது. உச்சிக்கு வந்து நிறுத்தியபோது தெருவே கைதட்டியது. அர்மெல்லின் முகத்தில் ஒரு பெருமிதம் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஏப்ரன்காரன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "பிரமாதம்! அம்மா எத்தன வருஷமா ஓட்டுறாங்க?"

"எட்டு மாசம்" என்றான் கூல்வென்.

"எட்டு மாசமா! அப்ப நீங்க ஏங்க சும்மா உக்காந்திருந்தீங்க?"

இப்போது முழங்கால் வரும் என்று அர்மெல் காத்திருந்தாள்.

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க" என்றான் கூல்வென். "தப்பு வழி சொன்னதும் நான்தான். முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டினவன் சொல்றேன், கேட்டுக்கங்க. இந்த மேட்டுல பின்னாலயே ஏத்தச் சொன்னா எனக்கே கை உதறும். இவ என் பொண்டாட்டி."

முன்பெட்டியிலிருந்து வில்லையை எடுத்துக்கொண்டு இறங்கினான். காரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே பின்னால் போனான். டக் என்று காந்தம் ஒட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தான். "போலாம். பாக்கிறவன் பாக்கட்டும்."

ஃபூழேர் கோட்டைக்குக் கீழே, தொத்திறைச்சியைச் சுற்றிய தோசையைக் கடித்துக்கொண்டு அர்மெல் காரின் பின்பக்கம் வந்தாள். A தலைகீழாக நின்றது. கடந்துபோன ஒருவன் வில்லையைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனான்.

"என்னவாம் அவனுக்கு?" என்றான் கூல்வென்.

"எடுப்பா தெரியுதாம்."

அவன் தோளை நிமிர்த்திக்கொண்டான். அவள் வில்லையைத் தொடவே இல்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் லா ரொஷேல் துறைமுகத்தில், காரின் முதுகில் சாய்ந்து நின்று கூல்வென் போன் பேசினான்.

"டாங்கி, மன்னிச்சுக்க. கார் விக்கிறதுக்கு இல்ல. எங்க வீட்ல டிரைவர் இருக்காங்க."

அவனுடைய இன்னொரு கை அந்தத் தலைகீழ் A-யின் மேல் இருந்தது.