கப்பல் காசும் அதற்குப் பதிலாகக் கொடுத்ததும்

1

இந்தக் கதையை நான் விரும்பி எழுதவில்லை. நாணயம் சேகரிப்போர் சங்கம் தன் கண்காட்சி மலருக்காக, "எனக்குப் பிடித்த வெளிநாட்டுக் காசு எது, ஏன்?" என்று ஒரு பக்கம் கேட்டது. மற்றவர்கள் எழுதியதையும் மாதிரிக்கு அனுப்பியிருந்தார்கள். நடுவில் ஓட்டை போட்ட காசுதான் உயர்ந்தது என்கிறார் ஒரு தையல்காரர், நூல் கோத்துக்கொள்ளலாமாம். பன்னிரண்டு மூலை உள்ள காசுக்கு உயிரை விடுகிறார் ஒரு வங்கிக் காசாளர். கீழே விழுந்தால் உருண்டு ஓடாதாம். விவாகரத்து வழக்குகளையே நடத்தும் வக்கீல் ஒருவர், வெள்ளை உலோகத்தையும் மஞ்சள் உலோகத்தையும் சேர்த்து அடித்த காசைக் கொண்டாடுகிறார். இத்தனை வருடமாகியும் இரண்டும் பிரியவில்லையே என்று வியக்கிறார். பிழையாக அச்சடித்த ஒரு காசுக்கு மூன்று மாதப் பென்ஷனைக் கொடுத்திருக்கிறார் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். வாழ்நாளெல்லாம் பிழைக்காகப் பிள்ளைகளைப் பிரம்பால் அடித்தவர்.

என்னிடம் கேட்டது எனக்காக அல்ல, போன வருடம் இறந்துபோன என் தம்பிக்காக. அவன் சங்கத்தின் பழைய உறுப்பினன். குடும்ப விஷயம் என்பதால் கதையாகவே எழுதிவிடுகிறேன். இதில் ஒரு பெரியவர் வருவார். அவர் நான் அல்ல. எங்கள் இருவருக்கும் ஒரே வயது, ஒரே உத்தியோகம், ஒரே மூக்கு, அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: "மானமுள்ள குடும்பம் ஒன்றில் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள்." (அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் மானம் போகப்போகிறது என்று வாசகர் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்.)

இரண்டாவது: "தம்பிக்கு எட்டு வயதாக இருந்தபோது நான் அவனிடம்

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.)

மூன்றாவது: பெரியவர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கையெழுத்துகளைச் சரிபார்த்தவர். தம்பி கடிகாரம் பழுதுபார்த்தவர். நானூறு காசுகள் சேர்த்து வைத்திருந்தார். அத்தனையும் வேண்டாம், அவருக்குப் பிடித்த ஒன்றைக் கொடுங்கள், கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம் என்றது சங்கம். பெரியவர் தன் சொந்த பீரோவைத் திறந்தார். அதற்குள் பாய்மரக் கப்பல் போட்ட வெள்ளிக் காசு ஒன்று இருந்தது. தம்பியின் பெயருக்குக் கீழே வைக்க அதைவிடக் கௌரவமான காசு கிடையாது. ஆனால் கறுத்திருந்தது. பல்பொடி போட்டு, பழைய பனியனால் ஒரு மணி நேரம் தேய்த்தார். கண் கூசும்படி ஆக்கிவிட்டுத்தான் எழுந்தார்.

3

சங்கச் செயலாளர் பல் டாக்டர். தம்பி வீட்டுக்கு வந்து, தம்பியின் வேலை மேசை விளக்கடியில் காசைப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"சார், இதைக் கழுவினீங்களா?"

"கழுவல. தேய்ச்சேன். பல்பொடிதான்."

"பல்பொடியா." டாக்டர் உட்கார்ந்துவிட்டார். "நூறு வருஷத்துக் கறுப்பு சார் அது. அதுக்குத்தான் விலையே. அதைப் போய்..."

"அழுக்குக்கா விலை? நீங்க பல்லுல இருக்கற அழுக்கைச் சுரண்டித்தானே பீஸ் வாங்கறீங்க?"

தம்பி மனைவி சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

(நல்ல பதில் இது. உண்மையில் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. கதை எழுதுவதில் இப்படி ஒரு சௌகரியம் இருக்கிறது.)

டாக்டர் காசைத் திருப்பினார். "இருபது வருஷப் பழக்கம் சார் எனக்கும் உங்க தம்பிக்கும். இந்தக் கப்பல் காசை அவர் காட்டினதே இல்லையே."

"எல்லாத்தையும் எல்லாருக்கும் காட்டிட்டிருப்பானா?"

"காசு சேர்க்கறவன் வேற எதுக்கு சார் சேர்க்கறான்?"

தம்பி மனைவி உள்ளே போய்ச் சின்ன உறை ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"மாமா, அவருக்குப் புடிச்சது இதுதான். பெட்டியில கூடவே வைக்க அட்டையும் எழுதி வெச்சிருக்கார். முந்தின கண்காட்சிக்கே எழுதினது. குடுக்காமலே வெச்சிட்டார்."

"ஏன் குடுக்கல?"

"நீங்க பாக்க வருவீங்கன்னு."

உறையிலிருந்து விழுந்தது ஓர் அலுமினியக் காசு. உள்ளங்கை நிறையும், எடையே இல்லை. ஒரு பக்கம் ஏதோ பறவை.

"படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க மாமா. வேணாம்னா நான் குடுக்கல."

4

அட்டையில் இருந்ததை எழுத்து மாறாமல் தருகிறேன். பத்திரம் நகலெடுத்துப் பழகிய கை.

"எனக்குப் பிடித்த காசு இது. அலுமினியம். ஒரு டீ கூடக் குடிக்க முடியாது. எனக்கு எட்டு வயதில் கறுப்பாக ஒரு கப்பல் காசு கிடைத்தது. அண்ணன் அதை வாங்கிக்கொண்டு, 'இது பெருசு பாரு, பளபளன்னு இருக்கு' என்று இதைக் கொடுத்தார். ஒரு மாதம் நான்தான் உலகத்திலேயே பெரிய பணக்காரன். ஏமாந்தது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பிடித்துவிட்டது."

கையெழுத்து தம்பியுடையதுதான். போலியாக இருக்கக் கூடாதா என்று முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் எந்தக் கையெழுத்தைப் பார்த்தும் பெரியவர் ஏங்கியதில்லை.

அறுபது வருடம் தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. பண்டிகை, கல்யாணம், சாவு என்று எத்தனை பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை

(போதும்.)

5

முடிவுக்கு வருவோம்.

ஒன்று: பெரியவர் அட்டையைச் சட்டைப்பைக்குள் வைக்கிறார். கப்பல் காசு பெட்டிக்குள் மின்னுகிறது. குடும்பத்துக்கு நல்ல பெயர். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் தம்பி மனைவி அந்தப் பெட்டியைப் பார்க்க வருவாள். எதுவும் கேட்கமாட்டாள். அந்த இடத்தை எழுத வரவில்லை.

இரண்டு: இரண்டு காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பெரியவர் கண்ணீர் விடுகிறார். (விடமாட்டார். எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.)

நடந்தது இவ்வளவுதான். "நாளைக்குச் சொல்றேன்மா" என்று அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இதை எழுதும்போது அது என் மேசைமேல் இருக்கிறது. (எப்படி வந்தது என்று கேட்க வேண்டாம்.) டாக்டர் காலையில் வருவார், இந்தப் பக்கத்துக்கும் அட்டைக்கும். இரண்டில் ஒன்றைக் கொடுக்க மனம் துணிந்துவிட்டது. மற்றதைப் பற்றி இன்னும் தெரியவில்லை.

இந்த மலர் உங்கள் கையில் இருக்கிறதென்றால் நீங்கள் அரங்கத்தில்தான் நிற்கிறீர்கள். கடிகாரக்காரரின் பெட்டி எது என்று கேட்டுப் போய்ப் பாருங்கள். அட்டை இருந்தால் படித்துவிட்டு நகருங்கள். இல்லாவிட்டால், பெட்டிக்குப் பக்கத்தில் முதுகு வளையாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நான்காம் பகுதியை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். காது அவருக்கு நன்றாகவே கேட்கும்.