வாளிக்கு இருபத்தாறு குறட்டை

ரொட்டிக்காரியின் கொழுந்தனுக்குத் தூக்கம்தான் தொழில். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாவு மூட்டைமேல் சாய்வான். ஒரு குறட்டைக்கு மூட்டை ஒரு விரற்கடை நகரும். சாயங்காலத்துக்குள் அது தானாகவே பிசையும் மேசைக்கு வந்துவிடுவதால், அந்தக் கடையில் மூட்டை தூக்க ஆள் வைத்ததே இல்லை.

அன்று ஓட்டல் மேனேஜர் எழுதிக் கொடுத்தபடி ஒரு புது ரொட்டியைப் பிசைந்து அடுப்புக்குள் வைத்தாள். ருசி பிடித்தால் தினமும் இருபது ரொட்டி அவளிடம், இல்லையென்றால் எதிர்க்கடையில். சரியாக நாற்பது நிமிடம். நடுவில் திறந்தால் அமுங்கிவிடும்.

கதவைச் சாத்தித் திரும்பினால், சுவர்க்கடிகாரம் நின்றிருந்தது. வீட்டின் ஒரே கைப்பேசியோ அவள் கணவனோடு ஊர்சுற்றப் போயிருந்தது.

குழாயடி வாளி நிரம்ப இரண்டு நிமிடம் என்பது அவளுக்கு அத்துப்படி. இருபது வாளி பிடித்தால் போதும்; தொட்டியிலோ நாலு வாளிக்குமேல் தேறாது. அப்போதுதான் குறட்டை காதில் விழுந்தது. இது ஒரே சீராகவா வருகிறது?

வாளியை வைத்து எண்ணினாள். இருபத்தாறு. இன்னொரு வாளி. அதே இருபத்தாறு! அப்படியானால் இருபது வாளிக்கு ஐந்நூற்றிருபது.

இருநூற்றறுபதில், சரிபாதியில், கொழுந்தன் புரண்டு படுத்தான். குறட்டை மந்தமானது. மூன்றாவது வாளி வைத்தாள்: பதினெட்டுதான். பாக்கி பத்து வாளி நேரம், நூற்றெண்பது குறட்டை.

நூற்றறுபதில் மேனேஜர் நுழைந்தார். "என்னம்மா, வெந்துச்சா?"

"உஷ்! மெதுவா சார். கடிகாரம் முழிச்சுக்கும்."

மேனேஜர் நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சத்தமில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

நூற்றெண்பதில் கதவைத் திறந்தாள். பிட்டுத் தின்ற மேனேஜர் இரண்டாவது துண்டுக்கும் கை நீட்டினார். "நாளையிலிருந்து இருபது அனுப்பிடுங்க."

அவர் போனதும் எழுந்த கொழுந்தன், நடந்ததைக் கேட்டு விரல்விட்டு எண்ணினான். "ஒரு ரொட்டிக்கு நாற்பது நிமிஷம். இருபது ரொட்டிக்கு எண்ணூறு. பதிமூணு மணி நேரத்துக்கு மேல தூங்கணும் அண்ணி! குடும்பத்துக்காகச் செய்யறேன்."

"தம்பி, இருபதும் ஒண்ணாத்தான் வேகும். அதே நாற்பது நிமிஷம்."

"அப்போ மிச்ச நேரம்?"

"மாவு பிசையணும்."

சொல்லி வாய் மூடுவதற்குள் மூட்டைமேல் குறட்டை கிளம்பிவிட்டது. அவள் கடைசி வாளியைக் குழாயடியில் வைத்து எண்ணினாள்.

ஐம்பத்தேழு.

"எழுந்திருங்க தம்பி," என்றாள். "இது பொய்த் தூக்கம்."