ஒரே பெயர்க்காரர்கள்

முப்பத்தொரு கடிதம் போட்டிருந்தாள் அக்கா. தபால் பிரிக்கும் வேலை அவளுக்கு. இருபது வருடமாக உறைகளில் தங்கள் குடும்பப் பெயர் தட்டுப்படும்போதெல்லாம் விலாசம் மனதில் ஒட்டிக்கொள்ளும். சொந்தம் என்று சொல்ல அவளுக்கு இருந்தது தம்பி ஒருவன்தான். அவனுக்கு இப்போது ரத்தத்தில் புற்று. மாற்று எலும்பு மஜ்ஜை வேண்டும், அவளுடையது சேரவில்லை. அதனால்தான் அந்த விலாசங்களுக்கெல்லாம் எழுதினாள்.

"ஒரே பெயர்னா ஒரே ரத்தம்தானே, டாக்டர்?"

"அப்படி இல்லம்மா."

"வரட்டுமே, பார்ப்போம்."

எட்டுப் பேர் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். முடிவு தெரியும் நாளில் மூன்று பேர் மறுபடி வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்: ஒரு நீதிபதி, ஒரு லாரி டிரைவர், அழகு நிலையம் வைத்திருக்கும் ஒரு பெண்.

"போன வருஷம் என் லைசென்ஸை முடக்கினது நீங்கதானே?" என்றார் டிரைவர்.

"வேகமா ஓட்டியிருப்பீங்க."

"ஒரே பெயரை வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணலாமா, பெரியப்பா?"

"உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்திரண்டு."

"எனக்கு நாப்பத்தெட்டு. தம்பின்னே கூப்பிடுங்க."

"ரெண்டு பேருக்கும் முன்மண்டை ஒரே மாதிரி காலி. குடும்பச் சொத்து" என்றாள் அழகு நிலையக்காரி.

மூவரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டேதான் டாக்டரின் அறைக்குள் போனாள்.

"எட்டும் சேரலம்மா."

"ஒண்ணுகூடவா?"

"கிட்டத்துலகூட வரல."

"இன்னும் இருபத்துமூணு பேர் பதில் போடல, டாக்டர். ஒருத்தர் கப்பல்ல இருக்காராம்..."

"வந்தாலும் சேரணுமே. உங்க தம்பிக்கு அவ்வளவு நாளும் இல்ல."

வெளியே வந்து சொன்னாள். அழகு நிலையக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னோடதை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்களேன். அன்னைக்கு ராத்திரி பூரா வண்டி ஓட்டிட்டு வந்து குடுத்தேன்" என்றார் டிரைவர்.

அக்கா தம்பியின் அறைக்குப் போனாள். அவன் விழித்துக்கொண்டுதான் கிடந்தான்.

"யாருக்கா வெளிய சிரிச்சது?"

"நம்ம பெயர்க்காரங்க."

"எத்தனை பேர்?"

"மூணு."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். முடிவு என்ன என்று கேட்கவில்லை.

"இன்னும் ஒருத்தர் வேணுமே" என்றான். "தூக்குறதுக்கு."

"வாயை மூடுடா."