தோளில் ஒரு விரல்

கேக் செய்து கடைகளுக்குப் போடும் அந்தப் பெண் மதியத்துக்குள் திரும்பி வந்துவிட்டாள். காரை ஷெட் வாசலில் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமலே இறங்கினாள். திறந்த கதவு வழியாக வந்த வெனிலா வாசனை கிரீஸ் வாசனையோடு கலந்தது.

"அண்ணே, சத்தம் அப்படியேதான் இருக்கு."

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தார். அக்கம்பக்கத்தில் அவரைக் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அதற்கு எங்கே நோவு என்று சொல்லிவிடுவார் என்று பேர். இன்று காலை இதே காரைத் திறந்து, இஞ்சினின் மேல்பக்கத்து டேப்பட்டைச் சரிசெய்து, "இனி பூனை மாதிரி ஓடும், போம்மா" என்று அனுப்பியிருந்தார்.

நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முனையை இஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்தினார். டாக்டர் குழாய் வைத்துப் பார்ப்பது போலத்தான். இரும்பு வழியாகச் சத்தம் ஏறி வரும். ஏறி வந்தது ஓர் ஆழமான உறுமல் மட்டும், தூரத்தில் எங்கோ கடல் இருப்பதைப் போல. முனையை நகர்த்தி வைத்தார். கடல். இன்னும் நகர்த்தினார். கடல்தான்.

"சத்தமே இல்லையேம்மா."

"என்னண்ணே சொல்றீங்க? டிக் டிக்னு, கடிகாரக் கடைக்குள்ள உக்காந்திருக்கற மாதிரி இருக்கு."

அவர் மைத்துனனைப் பார்த்தார். மனைவியின் தம்பி. அவரிடமே தொழில் பழகியவன். இப்போது அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது.

"காலையில நீதானே மச்சான் சொன்ன, நின்னுடுச்சுன்னு?"

மைத்துனன் தரையில் கிடந்த நட்டு ஒன்றைக் காலால் உருட்டினான். அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மாமா காதுக்கு எட்டாத சத்தம் வேறு யார் காதுக்கும் எட்டக்கூடாது. யாரும் போட்ட சட்டமில்லை. அவர் ஒன்றைச் சொல்வார், இவன் "அதேதான் மாமா" என்பான். காலையிலும் அவர் "நின்னுடுச்சில்ல?" என்று கேட்டார். இவன் தலையாட்டினான்.

"நிக்கல மாமா," என்றான் இப்போது.

அந்தப் பெண் நிழலுக்கு ஒதுங்கி, போனில் யாரிடமோ கேக் தாமதமாகும் என்று சமாதானம் சொல்லத் தொடங்கினாள். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எவ்வளவு நாளா தெரியும் உனக்கு?"

"என்னது?"

"நடிக்காதடா."

"போன மழைக்கு முன்னாடியிருந்து. நீங்க சாப்பிடப் போறப்ப, நீங்க பார்த்த வண்டிய நான் இன்னொரு தடவ பார்த்துடுவேன். இந்த வண்டி அதுக்கு முன்னாடியே, காலையிலயே கிளம்பிப் போயிடுச்சு."

"உங்கக்காவுக்கு?"

"அக்காதான் மொதல்ல கண்டுபிடிச்சது."

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார்: "சத்தம் டிக்கா, டக்கா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"லொட லொடன்னா?"

"லொட லொடன்னா நான் வாயத் திறந்திருக்க மாட்டேனா?" மைத்துனன் நாக்கை மடித்து அடித்துக் காட்டினான். அவருக்கு வாய் அசைவதுதான் தெரிந்தது.

"கோழியக் கூப்பிடுற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு... விடு. என் தோள்ல தட்டு. சத்தம் எப்படி வருதோ அப்படியே தட்டணும்."

விரல் தோளில் விழத் தொடங்கியது. சீராக, அவசரமில்லாமல். ஆக்ஸிலேட்டர் கம்பியை இழுத்தார். விரலும் வேகம் பிடித்தது. விட்டார், விரல் தணிந்தது. ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்க, ரப்பர் பிடி போட்ட குறடால் முதல் ப்ளக் ஒயரைக் கழற்றினார். இஞ்சின் குலுங்கியது, விரல் மாறவில்லை. மாட்டிவிட்டு அடுத்ததைக் கழற்றினார். அப்போதும் மாறவில்லை. மூன்றாவதைக் கழற்றியபோது விரல் தயங்கி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெலிந்துபோனது. மாட்டினார். விரல் திரும்பி வந்தது.

"சரியா கேளு மச்சான்."

"கேட்டுட்டுத்தான் இருக்கேன் மாமா."

மறுபடி கழற்றினார். மறுபடி மெலிந்தது.

டேப்பட் சத்தம் என்றால் இதற்கெல்லாம் அசையாது. மாறுகிறது என்றால் நோய் மேலே இல்லை. இஞ்சினின் வயிற்றில், பிஸ்டனைத் தாங்கும் ராடின் பேரிங்கில். கேட்காமலே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் சந்தோஷம் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தார்.

"இஞ்சின் போயிடுச்சும்மா. இனிமே ஓட்டினா நடுரோட்டுல கைவிட்டுடும்."

"காலையில பூனை மாதிரி ஓடும்னீங்க?"

"காலையில சொன்னது தப்பு."

"இப்ப சொல்றது மட்டும்?" அவள் அவரை விட்டுவிட்டு மைத்துனன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கண்ணே. நிஜமாவே போயிடுச்சா? என்கிட்ட இருக்கறது இந்த ஒரு வண்டிதான்."

மைத்துனன் அவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "மாமா சொல்றதுதான்," என்றான். இத்தனை நாளில் இன்றுதான் அதை மனதாரச் சொன்னான். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. கேக் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, நடைபாதையில் அடுக்கி, ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றாள். வெயிலில் கிரீம் இளகிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வீட்டில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நாளாக அவர் மனைவி, எதைப் பேசுவதற்கு முன்னும் அவர் தோளைத் தொட ஆரம்பித்திருந்தாள். பிள்ளைகள் எல்லாம் கல்யாணமாகிப் போன பிறகு, இந்த வயதில் இதென்ன புதுப்பொண்ணு மாதிரி என்று அவருக்கு உள்ளுக்குள் இனித்தது. கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று கேட்கவில்லை. அதற்காகவே சில நாள் ஷெட்டைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்.

இப்போதும் கை வந்து தோளில் அமர்ந்தது. அது எதற்கென்று இன்று அவருக்குத் தெரியும். சமையலறையில் கழுவிய ஈரம் சட்டையில் ஊறியது. அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். திரும்பினால் கையை எடுத்துவிடுவாள். அவர் திரும்பவில்லை.

கை அழுத்தியது. பிறகு ஒரு விரல் மட்டும் தட்டியது. பகலில் அவள் தம்பி தட்டியது போலவே, சீராக.

"சொல்லு," என்று திரும்பினார்.

அவள் கையை எடுத்துவிட்டாள்.