மதலேனம்மாளின் ஆத்துமத்திற்காக

கல்லறைத் திருநாள் பூசையில் செத்தவர்களின் பெயர்களைச் சாமியார் வாசிக்கத் தொடங்கியதும் சூசைமரியான் தலையைக் குனிந்துகொள்வான். மட்டாஞ்சேரியில் பள்ளி என்று சொல்லும் அந்தக் கோவிலில் பார்த்தவர்களெல்லாம் அதைத் துக்கமென்று நினைத்தார்கள். கூடப்பிறந்தவள்மேல் இத்தனை பாசமா என்று அவன் மாமனார் வஸ்தியான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். "கொல்லம் மதலேனம்மாள்" என்று சாமியார் வாசிக்கும் பெயர் அவனுடைய அக்காவின் பெயர்தான். ஆனால் அவள் சாகவில்லை.

நாகர்கோவிலை அடுத்த கடற்கரை ஊரில் அப்பனும் அம்மையும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச்சேர்ந்தபின், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லத்துக்குப் பஸ் ஏறியவள் மதலேனம்மாள். முந்திரிக் கொட்டை உடைக்கிற அண்டி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம் பேசி வந்தவர்களிடம், "இவனையும் சேத்துல்லா கூட்டிட்டுப் போவணும்" என்று சொல்லியே ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினாள். தம்பி வளர்ந்து துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆரம்பித்த வருஷம், ஒருநாள் அவள் பேசிக்கொண்டே வறுத்த கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டை எண்ணெய் விரலில் வழிந்து தோல் உரிந்து தொங்கியது. அவள் அதை உணராமல் பேசிக்கொண்டே இருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த சூசைமரியான் எழுந்து அவள் கையிலிருந்த கொட்டையை வாங்கி வைத்தான்.

ஆலப்புழைக்குத் தெற்கே இருந்த குஷ்டரோக ஆஸ்பத்திரியில் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். மாதாமாதம் வருவதாகச் சொன்னான். கொஞ்சகாலம் போகவும் செய்தான். பிறகு கொச்சியில் வேலை கிடைத்தது. போவது குறைந்தது, பிறகு நின்றே போயிற்று. மட்டாஞ்சேரி மிளகு, சுக்குக் கிடங்குகளில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களுக்குத் தலைவனாக, மூப்பனாக இருந்த வஸ்தியானுக்கு அவனைப் பிடித்துப்போனது. இரண்டு தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். மகள் பிலோமினாவைக் கொடுக்கலாம் என்று நினைத்தவர், கிடங்கு வாசலில் சாயா குடித்துக்கொண்டே கேட்டார்.

"நினக்கு ஊருல ஆரெல்லாம் உண்டு?"

"ஒரு அக்கா இருந்தா."

"இருந்தான்னா?"

அந்த இடத்தில் அவன் திருத்தியிருக்கலாம். இருக்கிறாள் என்று ஒரு சொல் போதும். குஷ்டரோகி வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள் என்று பயந்தான்.

"காய்ச்சல்ல போயிட்டா" என்றான்.

பொய் அதோடு நின்றிருந்தால் எப்படியாவது காலம் தள்ளியிருப்பான். வஸ்தியான் நல்ல மனுஷர். கல்யாணம் முடிந்து அந்த வருஷக் கல்லறைத் திருநாள் வந்தபோது, "பாவம், அவளுக்குன்னு வேற ஆரு பூசை வைப்பா" என்று மருமகனைச் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போய்ப் பெயரைச் சொல்லச் சொன்னார். சூசைமரியான் தன் வாயாலேயே சொன்னான். அதன்பின் வருஷாவருஷம் அந்தப் பெயர் வாசிக்கப்பட்டது. பிலோமினா முகம் பார்த்திராத நாத்தனாருக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாள். பெண் குழந்தை பிறந்ததும், "உங்க அக்கா பேரு நின்னு போகக்கூடாது" என்று அவளே மதலேன் என்று பெயரிட்டாள். மகளைக் கூப்பிடவேண்டி வரும்போதெல்லாம் அவன் "மோளே" என்றே கூப்பிட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட அவனுக்கு நாக்கு எழும்பவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷத் திருநாள். சாயங்காலப் பூசை. பெயர்கள் வாசித்து முடிந்து, எல்லோரும் மெழுகுவர்த்தியோடு கல்லறைப் பக்கம் நகர்ந்தார்கள். வாசல் தூணை ஒட்டி, முக்காடு போட்ட ஒருத்தி நின்றிருந்தாள். புருவத்தில் மயிரில்லை. சேலைத் தலைப்புக்குள் கைகளைச் சுருட்டி வைத்திருந்தாள். ஒரு காலில் பாரத்தைக் கொடுத்து இடுப்பைச் சாய்த்து அவள் நின்ற நிலையைப் பார்த்ததுமே சூசைமரியானுக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவன் அவன். அவள் எப்போது வந்தாள்? பெயர் வாசிக்கும்போது உள்ளேதான் இருந்தாளா?

பிலோமினா அவன் முழங்கையைத் தொட்டாள். "அது யாரு? உங்களையே நோக்கிட்டு நிக்குது."

"தெரியாது" என்றான்.

அவன் சொன்னது தூணருகே நின்றவளுக்கும் கேட்டிருக்கும். அத்தனை பக்கத்தில்தான் நின்றாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மெல்ல நடந்து வந்து பிலோமினாவிடம் பேசினாள்.

"அவனுக்கு என்னைத் தெரிஞ்சிருக்காது தாயி. சின்னப் பையனா இருந்தான். நான் கொல்லத்துல அண்டி ஆபீஸ்ல வேலை பாத்தவ. மதலேனம்மாளை நல்லாத் தெரியும். படகுத்துறையில விசாரிச்சேன், எல்லாரும் பள்ளியில இருக்காங்கன்னு சொன்னாங்க."

பிலோமினாவின் முகம் மலர்ந்துபோயிற்று. "அக்காவைத் தெரியுமா? சேச்சி, வீட்டுக்கு வந்து ஒரு சாயா குடிச்சிட்டுத்தான் போகணும் கேட்டோ."

பள்ளிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. சாயா கொடுக்கும்போதுதான் பிலோமினா அவள் கைகளைப் பார்த்தாள். விரல்கள் மடங்கி, சில குறுகிப்போயிருந்தன. ஒரு கணம் தயங்கியவள், பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று கிளாஸிலிருந்ததைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். மதலேனம்மாள் இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்திக் குடித்தாள். "இப்ப நோவு இல்ல தாயி. புது மருந்து குடுத்துச் சொகமாக்கிட்டாங்க. விரலு மட்டும் திரும்பி வராது" என்றாள்.

"சாரமில்லை, அதனால என்ன சேச்சி, குடிங்க. அக்கா எப்படி இருப்பாங்க? இவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு."

"கோவக்காரி. சட்டுனு கைநீட்டிருவா. இவன் நெறைய அடி வாங்கிருக்கான்." அவள் சிரித்தாள். குழந்தை வந்து எட்டிப் பார்த்தது. பெயர் என்ன என்று கேட்டாள். மதலேன் என்று குழந்தை சொன்னதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

சூசைமரியான் கதவோரம் நின்றான். தரை பிளந்து தன்னை விழுங்கினால் நன்றாயிருக்கும் என்றிருந்தது. வஸ்தியானும் வந்து உட்கார்ந்து, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாகும்போது நீங்க கூட இருந்தீங்களா? என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் பிலோமினா.

மதலேனம்மாள் யாரையும் பார்க்காமல் சொன்னாள். "தம்பி வரலியேன்னு மொதல்ல ரொம்ப அழுதா. பெறவு ஒருநாள் விட்டுட்டா. அவன் பயந்தவன், பயத்துல செஞ்சான், அவன்மேல எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னா. அவன் நல்லாயிருக்கானான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்னா."

"போகலியா நீங்க?" பிலோமினா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்குள் ஏதோ நெட்டித் தள்ளியது. மாமனாரின் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே அடங்கிப்போனது. மறுபடியும் அவளைக் கைவிட்டோம் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

படகுத்துறைவரை கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன் என்று கிளம்பினான். கிடங்குகளின் நடுவே, சுக்கு மணம் அடிக்கும் தெருவில் நடந்தார்கள். துறையில் எர்ணாகுளம் படகு இன்னும் வரவில்லை. அங்கேதான் அவன் உடைந்தான்.

"ஏன் அக்கா என்னைக் காட்டிக்குடுக்கல? என்னைய அடி. நாலு வார்த்தை திட்டு."

"எதுக்குலே?"

"உயிரோட இருக்கவளுக்குப் பூசை வச்சேன். நீ உள்ள இருந்தியா?"

"இருந்தேன். எம்பேரைக் கேட்டதும் ஒடம்பு விறைச்சுப்போச்சு. பெறவு எல்லாரும் எனக்காக முட்டுபோட்டாங்கல்லா, நானும் போட்டேன். நமக்கும் வேண்டிக்கிட ஆளு இருக்கேன்னு நெனச்சேன்." அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மக்கா, உன்மேல எனக்கு வெறுப்பு இருந்துது. இல்லன்னு சொன்னாப் பொய். ஆஸ்பத்திரியில கை ரெண்டும் புண்ணாக் கெடந்தப்ப ஒரு சிஸ்டர் சோறு ஊட்டுனா. தட்டைத் தட்டிவிட்டேன், அவ மேல துப்பினேன். மறுநாளும் வந்து ஊட்டுனா. நான் என்ன செஞ்சு அதை வாங்கினேன்? ஒண்ணும் செய்யல. ஏசப்பா தர்றது இப்படித்தான் இருக்கும்போலன்னு அப்பத்தான் புரிஞ்சுது. அதைச் சும்மா வாங்கித் தின்னுட்டு, உன்கிட்ட மட்டும் கணக்குக் கேக்க எனக்கு வாய் வரல."

"மன்னிப்புக் கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்ல."

"யோக்கியதை இருந்தா மன்னிப்பு எதுக்குலே? நான் எப்பவோ மன்னிச்சாச்சு. நீ வீட்டுல சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி. அதுக்காக இதைத் திருப்பி எடுக்கமாட்டேன்."

படகு வந்தது. குணமான பிறகும் அதே ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை பார்ப்பதாகச் சொல்லிவிட்டு ஏறிப் போனாள். அவள் ஏசியிருந்தால், அழுதிருந்தால், அவனும் தனக்காகப் பரிந்து ஏதாவது சொல்லியிருப்பான். அவள் ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். அவன் துறைச்சுவரோரம் உட்கார்ந்தான். தெரிந்த சுமட்டுக்காரன் ஒருவன் என்ன என்று கேட்டதற்கு முகத்தை மூடிக்கொண்டான்.

வீட்டுக்குப் போனதும், செருப்பைக் கழற்றுமுன்பே சொல்லிவிட்டான். "வந்தது என் அக்கா. அவ சாகல. நான் பொய் சொன்னேன்."

பிலோமினா கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வஸ்தியான், "நோவுன்னு சொல்லியிருந்தா நான் பொண்ணு குடுத்திருப்பேனா, மாட்டேனா, எனக்கே தெரியாது" என்றார். "ஆனா ஜீவனுள்ளவளை என் கையால குழிக்குள்ள வைக்க விட்டியேடா." துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த நாள் கிடங்கில் மருமகனைப் பார்த்தும் பாராதவர்போல நடந்தார். விஷயம் எப்படியோ கசிந்து, சாயாக்கடையில் அவன் உட்கார்ந்த பெஞ்சியிலிருந்து இரண்டு பேர் எழுந்து போனார்கள். அக்காவின் நோவுக்குப் பயந்தார்களா, அவனை நினைத்துக் கூசினார்களா என்று அவன் கேட்கவில்லை. செய்த பாவத்தைச் சொல்லச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முட்டுபோட்டபோது, முதல் வாக்கியத்தைச் சொல்லவே அவனுக்கு நேரம் பிடித்தது.

பிலோமினா அவனோடு பேசுவதை விட்டுவிட்டாள். சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குழந்தைக்கு நல்ல கவுன் மாட்டிவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போறேன். வழி காட்ட வருவீங்களா?" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னாள். "அக்கா மன்னிச்சிருப்பாங்க. அவங்க மனசு அப்படி. எனக்கு அத்தனை வேகம் வராது."

"வேண்டாம். மெதுவா வரட்டும்."

"வரும்னு சொல்லலியே நான்" என்றாள். கொஞ்சம் கழித்து, தூங்கிவிட்ட குழந்தையை அவன் மடியில் மாற்றி வைத்தாள்.

ஆஸ்பத்திரிச் சமையல்கட்டின் பின்புறம் மதலேனம்மாள் கப்பை என்ற மரவள்ளிக்கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தாள். பிலோமினா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு, "ஏன் சேச்சி என்கிட்ட சொல்லல" என்று விசும்பினாள். குழந்தை அந்தக் குறுகிய விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. சூசைமரியான் மாமரத்தடியிலேயே நின்றான். மன்னித்துவிட்டாள் என்று தெரியும். தெரிந்தும் வெட்கம் போகவில்லை. மன்னிக்கப்படுவதற்கு முன்பைவிட இப்போதுதான், தான் செய்தது இன்னதென்று அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

"லே, அங்கன என்ன நிக்க?" என்றாள் அக்கா.

"வீட்டுக்கு வந்துரு அக்கா. எல்லாருகிட்டயும் சொல்லியாச்சு."

"உன் மாமனாரு என்ன சொன்னாரு?"

"அவரு எங்கிட்ட பேசல."

"அப்ப அவரு பேசட்டும், பெறவு பாக்கலாம். நான் எங்கயும் போயிரமாட்டேன்." கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் கிடந்த பலகையைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். "இங்க நூறு பேருக்கு ஆக்கணும். உக்காந்து தொலி உரி."

அவன் வந்து உட்கார்ந்தான். ஒரு கிழங்கை எடுத்தான். கண்ணீர் மறைத்து, தோல் எது, கிழங்கு எது என்று தெரியாமல் உரித்தான். பிலோமினா எட்டி அவன் கையிலிருந்ததை வாங்கி, எப்படி என்று காட்டிக் கொடுத்துவிட்டு, பேசாமல் அடுத்ததை எடுத்தாள்.